மின்சாரம் நின்றபின் பேசும் வானொலி

புயலிலோ நிலநடுக்கத்திலோ மின்சாரம் நின்றவுடன் செல்பேசி அடங்கிவிடுவதில்லை. செல்பேசிக் கோபுரத்தின் அடியில் உள்ள பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர் ஓட டீசல் வேண்டும். டீசல் வந்துசேரச் சாலை வேண்டும். இவை எல்லாமே அற்றுப்போகும் நாட்களில்தான் ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களின் தேவை தெரியவரும். அவர்களுடைய கருவி 12 வோல்ட் கார் பேட்டரியில் இயங்கும். ஆண்டெனாவாக ஒரு செம்புக் கம்பி போதும். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையில் கோபுரமோ தொலைபேசி நிலையமோ கிடையாது. கெட்டுப்போவதற்கு நடுவில் எதுவும் இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம்.

இந்தியாவில் இந்தக் கலை 1921இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து அமைத்த நிலையத்தோடு தொடங்குகிறது. தமிழகத்தில் வானொலி ஒலிபரப்பே ஆர்வலர்களின் கையில்தான் பிறந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924இல் உருவான மதராஸ் மாகாண ரேடியோ கிளப், அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927இல் அது நின்றது. கிளப் அளித்த ஒலிபரப்புக் கருவியைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930இல் மீண்டும் ஒலிபரப்பியது. இரண்டாம் உலகப்போர் வந்தபோது ஹாம் உரிமங்கள் ரத்தாகி, போருக்குப் பின்னரே திரும்பக் கிடைத்தன.

பிற்கால ஹாம்களை வழிநடத்தியவை 1978ஆம் ஆண்டு விதிகள். அவற்றின்படி தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். ஒவ்வொருவருக்கும் 'வியூ' (VU) என்று தொடங்கும் அழைப்புக் குறி உண்டு. வணிகச் செய்திகளுக்கு இடமில்லை. பிறருக்கான செய்திகளைச் சுமப்பதும் சாதாரண நாட்களில் கூடாது. பேரிடர் காலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்குக்குத்தான் பின்னர் பெருமளவில் வேலை வந்தது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின்போதும், 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நிலம் நடுங்கியபோதும் ஹாம்கள் கருவிகளோடு கிளம்பிப் போனார்கள்.

எல்லாவற்றிலும் விரிவாகச் சொல்லத்தக்கது 2004ஆம் ஆண்டின் அந்தமான் நிகழ்வு. அதற்கு முன் பல ஆண்டுகளாக அந்தமானில் ஹாம் வானொலிக்கு அனுமதி இல்லாதிருந்தது. அதனால் அங்கிருந்து ஒரு குரலையாவது கேட்டுவிட வேண்டும் என்று உலகெங்கும் உள்ள ஹாம்கள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். இந்திய ஹாம்களில் ஒருவரான பாரதி பிரசாத் தொடர்ந்து முயன்று அரசின் அனுமதியைப் பெற்று, ஒரு குழுவுடன் டிசம்பரில் போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தார். ஒரு விடுதியில் நிலையம் அமைத்து உலகத்தோடு பேசிவந்தார்கள். அது பொழுதுபோக்குக்காகப் போன பயணம். டிசம்பர் 26 காலை சுமார் ஆறரை மணிக்கு நிலம் நடுங்கியது. மின்சாரம் போனது, தொலைபேசிகள் ஓய்ந்தன. விடுதி அறையிலிருந்து கருவிகளைப் புல்வெளிக்குக் கொண்டுவந்து மறுபடியும் காற்றலையில் ஏறினார்கள். பிறகு மாவட்ட நிர்வாக அலுவலகத்திலும் ஒரு நிலையம் இயங்கியது; குழுவின் சிலர் கார் நிக்கோபாருக்கும் போனார்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பெருநிலத்துக்கு வந்தன. அங்கிருந்த ஹாம்கள் அவற்றைக் குடும்பங்களுக்குச் சேர்த்தார்கள். பேரிடருக்காக எவரும் அனுப்பாத ஒரு குழுவால் இவ்வளவும் முடிந்தது. அதற்கு முந்தைய நாட்களில் ஓயாமல் பேசியதால் ஆண்டெனாவும் கையும் காதும் தயாராக இருந்ததே அதற்குக் காரணம். இலங்கையிலும் அப்படித்தான். விக்டர் குணதிலகவும் இலங்கை வானொலிச் சங்கத்தினரும் அதே நிலநடுக்கம் எழுப்பிய சுனாமியில் சிதைந்த அம்பாந்தோட்டையைச் சிற்றலையில் கொழும்போடு இணைத்தார்கள்.

கடலோரத்தில் நடந்த இந்த அனுபவம் தேனி போன்ற மலையோர உள்நாட்டு மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. இங்கே தடையாக நிற்பது மலை. கொடைக்கானல் மலைக்குக் கீழே பெரியகுளத்தை அடுத்த ஜெயமங்கலத்துக்கோ, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களுக்கோ கைக்கருவி மட்டும் போதாது. 144 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செல்லும் அலை பெரும்பாலும் கண் பார்வை போல நேர்கோட்டில் போகும். மலை மறைத்தால் அங்கேயே நின்றுவிடும். கடல் புயலும் இந்தப் பக்கம் வராது என்று சொல்லிவிட முடியாது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறி ஏராளமான மின்கம்பங்களைச் சாய்த்த கஜா, வலுவிழந்தபடி திண்டுக்கல் வழியாகத்தான் கேரளத்துக்குப் போனது.

மலையைத் தாண்டச் சிற்றலையில் ஒரு வழி இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற சுமார் 20 மீட்டர் நீளக் கம்பியை இரண்டு தென்னைகளுக்கு நடுவே தரையிலிருந்து நான்கைந்து மீட்டர் உயரத்தில் கட்டினால், அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போகும். வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் மழைபோல இறங்கும். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுபோலக் கேட்கும். இரவில் அயனி அடுக்கு மெலியும்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவர வேண்டியிருக்கும். இதே அடுக்கை, நேர்மேலே ரேடியோ துடிப்புகளை அனுப்பி அளக்கும் பணி 1950களிலேயே கொடைக்கானல் வான் ஆய்வகத்தில் நடந்தது. புவிகாந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்த அளவுகளுக்கு உலக அளவில் மதிப்பு உண்டு.

மின்தடை நாட்கணக்கில் நீளும்போது பேட்டரிக் கணக்குத்தான் முக்கியம். நூறு வாட் கருவி பேசும்போது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். கேட்கும்போது ஒரு ஆம்பியர் அளவில் அடங்கும். அதனால்தான் பல ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடும் அவசரகால வலையில் ஒருவர் நடத்துநராக இருந்து முறை தருகிறார். மற்றவர்கள் கூப்பிட்டபோது மட்டும் சுருக்கமாகப் பேசி, மீதி நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சக்தியை இருபது வாட்டுக்குக் குறைத்தாலும் அண்டை மாவட்டம்வரை பெரும்பாலும் எட்டும். 2012ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் தமிழக வீடுகளில் இன்வெர்ட்டர் பரவலாக நுழைந்தது. அதன் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே இப்படிச் சிக்கனமாக நடக்கும் நிலையத்தைச் சில நாட்கள் ஓட்டும். மொட்டைமாடியில் ஒரு சோலார் தகடும் இருந்தால் வெயில் உள்ளவரை அது தீர்ந்துபோகாது.