எரிந்த ஊரின் பழமை: ஹொல்லோக்கோவை முன்வைத்து

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவில், செர்ஹாட் குன்றுகளின் மடிப்பில் இருக்கும் சிற்றூர் ஹொல்லோக்கோ. பலோட்ஸ் எனப்படும் வட ஹங்கேரிய மக்கட்பிரிவினர் ஊர். இன்றைய மக்கள்தொகை 400ஐ எட்டாது. 1987இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 20ஆம் நூற்றாண்டின் வேளாண் மாற்றத்துக்கு முந்திய நாட்டுப்புற வாழ்வின் உயிருள்ள சான்று என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் பழைய தெருவில் நாம் காணும் வீடுகளில் பெரும்பாலானவை 1909ஆம் ஆண்டுத் தீக்குப் பின் எழுந்தவை. அப்படியானால் இங்கே பழமை எதில் இருக்கிறது?

கோட்டையில் என்பது எளிய விடை. 1241-42 மங்கோலியப் படையெடுப்பின் அழிவுக்குப் பிறகு குன்றின் மேல் கட்டப்பட்டது அது. ஒட்டோமான் படைகளிடம் வீழ்ந்து, கைமாறி, 1683இல் போலந்து மன்னர் யான் சொபியெஸ்கியின் படையால் மீட்கப்பட்டது. ஊரின் பெயர் 'அண்டங்காக்கைக் கல்' என்று பொருள்படும். அந்தப் பறவைகளே கோட்டையின் கற்களைத் தூக்கிப் போயின என்பது கதை. எனினும் இந்த ஊர் பட்டியலில் இடம்பெறக் கோட்டை காரணமன்று. அத்தகைய கோட்டைகள் வட ஹங்கேரியில் பல உண்டு.

தெருவுக்கு வருவோம். மரம் எளிதில் தீப்பற்றும் என்று 1782இல் ஓர் ஆணை கட்டுமானத்தில் அதைத் தடுத்தது. பலோட்ஸ் மக்கள் அந்த ஆணையைப் பொருட்படுத்தவில்லை; மரத்தாலேயே கட்டினர், கூரை வேய்ந்தனர். ஊர் மீண்டும் மீண்டும் எரிந்தது. 1909க்குப் பிறகு கல் அடித்தளமும் சுடாத மண்கல் சுவர்களும் ஓட்டுக் கூரையும் வந்தன. மாறாமல் நின்றவை வேறு: தெருவை நோக்கிய குறுகிய முகப்பு, பின்னால் நீளும் மனை, சுண்ணாம்பு பூசிய சுவர், செதுக்கிய மரக் கைப்பிடி கொண்ட தாழ்வாரம். 1889இல் எழுந்த சிறிய தேவாலயத்தின் மரக் கோபுரமும் இதே வீட்டுத் தச்சின் நீட்சிதான்.

எனவே பொருளின் வயதைக் கொண்டு இந்த ஊரை அளப்பவர், இதை நூற்றாண்டு காணும் ஒரு மறுகட்டுமானம் என்று ஒதுக்கிவிடக்கூடும். அது பிழை என்பேன். எரிந்த வீட்டின் இடத்தில் அதே அளவில் இன்னொரு வீட்டை எழுப்பத் தெரிந்த கைகள் 1909இல் ஊரிலேயே இருந்தன. வெளியிலிருந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் வந்து அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. உள்ளூர்த் தச்சரும் கொத்தரும் தம் வழக்கமான வேலையாகவே அதைச் செய்தார்கள். மனைகளின் எல்லையும் தெருவின் வளைவும் கட்டும் முறையும்தான் இங்கே முதுசொம். பாரம்பரியக் களங்களின் நம்பகத்தன்மை குறித்த 1994இன் நாரா ஆவணம் பின்னர் வற்புறுத்திய கருத்தும் இதற்கு அணுக்கமானது: நம்பகத்தன்மையை வடிவம், பயன்பாடு, மரபு, கைத்திறன் ஆகியவற்றிலும் தேட வேண்டும், மூலப்பொருளில் மட்டும் தேடுவது போதாது.

இந்த அளவுகோலை ஏற்றால் 1987க்குப் பிந்தைய காலம் கூடுதல் கவலை தருகிறது. பழைய தெருவின் வீடுகள் பல இன்று அருங்காட்சியகமாகவும் பட்டறையாகவும் விருந்தினர் விடுதியாகவும் ஆகிவிட்டன. ஈஸ்டர் திங்களன்று பலோட்ஸ் உடையணிந்த இளைஞர்கள் பெண்கள்மேல் வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றும் வழக்கம் பெருங்கூட்டத்தை ஈர்க்கிறது. இவை சுவர்களைக் காக்கப் பணம் தருகின்றன. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் யுனெஸ்கோ குறித்த எல்லைக்குள் வீடுகளைச் சுற்றிய நிலமும் அடங்கும்: பட்டை பட்டையாய்ப் பிரிந்த வயல்கள், பழத்தோட்டம், திராட்சைத் தோட்டம், மேய்ச்சல் வெளி. வீட்டை விடுதியாக்கியும் காப்பாற்றலாம். அந்தப் பட்டை வயலைக் காக்க, அதை உழுபவர் ஊரிலேயே குடியிருக்க வேண்டும்.