அடக்கவிலை

அடக்கவிலை (பெயர்ச்சொல்): ஒரு சரக்கு விற்பனைக்கு வந்து சேரும்வரை அதற்கு ஆன செலவுகள் யாவும் அடங்கிய விலை.

'அடங்கு' என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர் 'அடக்கம்'. அதனுடன் 'விலை' சேரும்போது மகர ஈறு கெட்டு 'அடக்கவிலை' என நின்றது.

கொள்முதல் விலையும் இதுவும் ஒன்றல்ல. 20 துண்டுகளை 2,000 ரூபாய்க்கு வாங்கிய கடைக்காரருக்கு லாரி வாடகை 100, ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியுமாக 60 ரூபாய் ஆகிறது. துண்டு ஒன்றின் கொள்முதல் விலை 100 ரூபாய், அடக்கவிலை 108. அதை 120 ரூபாய்க்கு விற்றால் கிடைப்பது 20 அல்ல, 12 ரூபாய்தான். கடை வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் அதிலிருந்தே போகவேண்டும்.

கடைத்தெருப் பேச்சில் இது 'அடக்கம்' எனக் குறுகும்: "அடக்கமே 108 ஆகுதுங்க, 105-க்குக் கட்டுப்படியாகாது."