உதட்டு வெடிப்பும் ஊசி வைத்தியமும்

மார்கழிப் பனியிலும் சித்திரை வெயிலிலும், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் வெண்புழுதியிலும் வாழ்கிற அரியலூர்ச் சீமையாருக்கு உதடு வெடிப்பது புதிய வியாதியன்று. அதற்கு வெண்ணெயையோ விளக்கெண்ணெயையோ தடவிக்கொள்வதும் புதிய வைத்தியமன்று. அதர ரோகங்களை எட்டாக வகுத்த சுசுருத சம்ஹிதை, வாதத்தினால் உதடு காய்ந்து கறுத்துப் பிளக்கும் வகைக்கு, நால்வகை ஸ்நேகங்களோடு (நெய்ப்புப் பொருள்களோடு) தேன்மெழுகைச் சேர்த்துப் பூசும்படி விதிக்கிறது. 1872-ல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ காப்புரிமை பெற்ற வாஸ்லினும், எண்ணெய்ச் சுரப்பு அநேகமாக இல்லாத உதட்டுத் தோலிலிருந்து ஈரம் பறந்துபோகாமல் திரையிடுகிற அதே தத்துவந்தான்.

ஆனால் வெடிப்பு வெளியிலிருந்து மட்டும் வருவதன்று என்பதை நம் மாகாணமே நிரூபித்தது. குன்னூர் ஆராய்ச்சிசாலையில் எய்க்ராய்டும் கிருஷ்ணனும், தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி வளர்ந்த தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட வாயோரப் புண்ணுக்கு பி2 வைட்டமின் குறைவே காரணமென்று 1936-ல் எழுதினார்கள். உதட்டைப் பற்றி நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சிகளில் இதற்கு இணையாக ஏழைக்கு உதவியது வேறொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வைட்டமின் உள்ள பாலும் கீரையும் எவ்வளவு பெரிய மருந்தென்பதை அது காட்டிவிட்டது.

மேனாட்டிலோ பூசுவது போதாமல், ஊசி குத்தி உருவத்தைத் திருத்துவதில் ஆசை பிறந்தது. 1899-ல் வியன்னாவில் கெர்சுனி தொடங்கிவைத்த பாரஃபின் ஊசி, செலுத்திய இடங்களில் கட்டிகளை எழுப்பிக் கைவிடப்பட்டது. 1981-ல் அமெரிக்கா அனுமதித்த மாட்டுக் கொலாஜன் ஊசிக்கு ஒவ்வாமைப் பரிசோதனை முன்கூட்டியே தேவைப்பட்டது. 1934-ல் கார்ல் மையரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த, நீரைப் பற்றிக்கொள்ளும் ஹையலுரோனிக் அமிலமே, பிற்காலத்தில் நுண்ணுயிரிகளைக்கொண்டு தயாரிக்கப்பட்டு, இன்றைய ஃபில்லர் (நிரப்பு) ஊசிகளில் முதலிடம் பெற்றது. வறண்ட உதட்டை மிருதுவாக்கவும் இதைச் சிறிதளவு செலுத்துகிறார்கள். பலன் சில மாதங்களுக்கே. தவறி ரத்தக் குழாயில் ஏறினால் திசு அழுகிவிடும் என்பதால், அதைக் கரைக்கும் ஹையலுரோனிடேஸ் மருந்தைக் கையில் வைத்திராதவரிடம் உதட்டைக் கொடுப்பது மடமை. அழகு நிலையத்தார் செய்யத்தக்க காரியமல்ல இது.

அரியலூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வாரக்கணக்கில் ஆறாத உதட்டுப் புண் உள்ளவர்கள், அதிலும் புகையிலை போடுகிறவர்கள், ஊசியைப் பற்றி யோசிக்குமுன் அங்கே சென்று காட்டிக்கொள்ள வேண்டுகிறேன்.