பில்லியர்ட்ஸ் மேசைப் பைகளும் பட்டைப் பதத் தோலும்

பில்லியர்ட்ஸ் மேசையின் நான்கு மூலைகளிலும், இரு நெடும்பக்கங்களின் நடுவிலும் பந்து விழுவதற்கென அமைந்த ஆறு திறப்புகள் பைகள் எனப்படுகின்றன. மேசையின் கற்பலகையும் மரச்சட்டமும் பல தலைமுறைக்கு நிற்கக்கூடியவை. பைகளோ ஒவ்வொரு ஆட்டத்திலும் அடிவாங்கித் தேய்பவை. இத்தேய்மானத்தை ஏற்பதற்காகப் பையின் வாயில் தோல் பொருத்தும் வழக்கம் ஏற்பட்டது. விறைப்பும் வடிவம் காக்கும் தன்மையும் கொண்ட பட்டைப் பதத் தோல் இவ்வேலைக்கு ஏற்றது. அவ்வகைத் தோலைப் பெருமளவில் பதனிட்ட ஊர்களுள் திண்டுக்கல் ஒன்று.

பையின் அமைப்பு

ஆங்கில பில்லியர்ட்ஸ் மேசை ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. 1820களில் லண்டனைச் சேர்ந்த ஜான் தர்ஸ்டன் மரப்பலகைக்குப் பதிலாகக் கற்பலகையைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1845இல் கந்தகமேற்றிய ரப்பர் மேசையின் பக்கத்திண்டுகளுக்கு வந்தது. இவ்விரு மாற்றங்களால் பந்து முன்னைவிட வேகமாகவும் நேராகவும் ஓடியது. அந்த வேகத்தின் முடிவிடம் பை.

பையின் வாயில் குதிரை லாட வடிவில் ஓர் உலோக வளையம் உண்டு. இது பித்தளையாலோ இரும்பாலோ ஆனது. வளையத்தின் மேல் தோல் சுற்றித் தைக்கப்படும். கீழே நூல் வலை கட்டப்படும். வேகமாக வரும் பந்து முதலில் பையின் பின்புறத் தோலில் மோதி, வேகம் குறைந்து, பிறகு வலையில் விழும். தோல் இல்லையென்றால் பந்து உலோகத்தில் மோதிச் சிதையும், அல்லது துள்ளி மேசைக்கே திரும்பும். ஆகவே பைத்தோல் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. மேசையையும் பந்தையும் காக்கத் தான் தேய்வதே அதன் பணி.

பையின் வாயகலமும் தேய்மானத்தோடு தொடர்புடையது. 1870இல் வாகைப் போட்டிகளுக்கென 3 அங்குலப் பை கொண்ட மேசை புழக்கத்துக்கு வந்தது. 1892இல் பில்லியர்ட்ஸ் சங்கம் பையின் வாயை அளக்க அச்சு அளவுகளை வகுத்தது. தோல் உப்பினாலோ தளர்ந்து தொங்கினாலோ இந்த அளவு மாறிவிடும். எனவே பைத்தோலின் நிலை ஆட்டத்தின் நேர்மையையும் பாதித்தது.

ஸ்னூக்கரின் வருகை

பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் பந்தைப் பந்தோடு மோதவைத்தும் புள்ளி பெறலாம். ஸ்னூக்கரில் பந்தைப் பையில் இடுவதே புள்ளி பெறும் முதன்மையான வழி. இந்த ஆட்டம் இந்தியாவில் பிறந்தது. 1875இல் ஜபல்பூரில் இருந்த டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரி நெவில் சேம்பர்லின், அப்போது வழக்கில் இருந்த ஆட்டங்களோடு வண்ணப் பந்துகளைச் சேர்த்து இதை உருவாக்கினார். பின்னர் அவர் சென்னைப் படையின் தலைமைத் தளபதி பிரடெரிக் ராபர்ட்ஸின் பணிக்குழுவில் சேர்ந்தார். 1880களின் தொடக்கத்தில் உதகமண்டலம் மன்றத்தில் இதன் விதிகள் எழுத்து வடிவம் பெற்றன. 1938இல் ‘தி ஃபீல்டு’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் சேம்பர்லின் தாமே இதன் தோற்றத்தை விளக்கினார்.

இன்றைய ஸ்னூக்கரில் மேசையை முழுமையாகத் துடைத்தெடுக்கும் ஒரு ஆட்டவரிசையில் 15 சிவப்புப் பந்துகளும், ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு வண்ணப் பந்தும், இறுதியில் ஆறு வண்ணப் பந்துகளுமாக 36 முறை பந்து பையில் விழுகிறது. 52.5 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்ட கெட்டியான பந்து இவ்வாறு நாள்தோறும் மோதும்போது பைத்தோலும் வலைமுடிச்சுகளும் விரைவில் நைந்துபோகின்றன.

ஆவாரம்பட்டைப் பதம்

தோலைப் பதனிட இரு பெரும் முறைகள் உள்ளன. ஒன்று தாவரத் துவர்ப்புப் பொருளால் பதனிடுவது. மற்றொன்று குரோமிய உப்பால் பதனிடுவது. தாவரப் பதத் தோல் அடர்த்தியும் விறைப்பும் உடையது. நனைத்து வளைத்து உலரவிட்டால் அந்த வடிவிலேயே நிற்கும். உலோக வளையத்தின் மேல் இறுகப் போர்த்துவதற்கு இப்பண்பு உதவுகிறது. குரோமியப் பதத் தோல் மென்மையானது. நனைத்து வளைத்தாலும் அந்த வடிவில் நிற்பதில்லை.

தமிழகச் சமவெளியில் தாவரப் பதத்துக்கு அடிப்படையாக இருந்தது ஆவாரஞ்செடியின் பட்டை. மழை குறைந்த திண்டுக்கல் வட்டாரத்தில் ஆவாரை இயல்பாக வளரும். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் சந்தைகளில் கிடைத்தன. 1875இல் திருச்சிராப்பள்ளி–மதுரை இருப்புப்பாதை திண்டுக்கல் வழியாகத் திறக்கப்பட்டது சரக்குப் போக்குவரத்தை எளிதாக்கியது. பதனிடும் கூடங்கள் உள்ளூர் வழக்கில் ‘தோல் ஷாப்’ எனப்பட்டன.

அங்கே தோல் முதலில் சுண்ணாம்புக் குழியில் ஊறும். மயிரும் சதையும் நீக்கப்பட்டபின் பட்டைச்சாறு நிறைந்த தொட்டிகளில் மாற்றி மாற்றி ஊறவைக்கப்படும். இறுதியில் கடுக்காய்ச் சாறு ஏற்றி, எண்ணெய் தடவி உலர்த்துவர். ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும் இயல்புடையது. கடுக்காய் அதைக் குறைத்தது. இவ்வாறு பாதி பதனிட்ட தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் ஏலச் சந்தைக்குச் சென்றது. அங்கே மேற்பதம் பெற்றுக் காலணி, பை, உறை எனப் பல பொருள்களாயிற்று.

இத்தோலுக்குக் குறையும் உண்டு. நூற்கட்டுத் தோல் பொடிந்து உதிர்வது குறித்து ஆராய லண்டன் கலைச் சங்கம் 1900இல் ஒரு குழுவை அமைத்தது. கிழக்கிந்தியப் பதத்தில் உள்ள துவர்ப்பு வகை, காற்றிலுள்ள அமிலப்புகையால் எளிதில் சிதைவதாக அக்குழு கண்டது. அந்த நிலையில் தோல் செந்நிறத் தூளாக உதிரும். மோதலைத் தாங்கும் தோலும் காலப்போக்கில் காற்றாலேயே அழியக்கூடும் என்பதை இது காட்டியது.

பராமரிப்பு

பைத்தோலின் தேய்வுக்கு மோதல் மட்டும் காரணமன்று. கோலின் நுனியில் பூசும் சாக்குத்தூள் பந்தோடு பைக்குள் போகிறது. 1897இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற புதுவகைச் சாக்கில் மணற்சத்தும் கடினமான உராய்பொருளும் கலந்திருந்தன. அது உப்புத்தாள் போலத் தோலை அரிக்கக்கூடியது. எனவே பைகளை மென்தூரிகையால் துடைப்பது முதல் பாதுகாப்பு.

பட்டைப் பதத் தோல் ஈரமான நிலையில் இரும்பைத் தொட்டால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருங்கறை உண்டாகும். பித்தளை வளையத்தில் இச்சிக்கல் இல்லை. எண்ணெய் மிதமாகவே பூசப்படவேண்டும். மிகுந்தால் தோல் தளர்ந்து வடிவம் இழக்கும், துணியிலும் கறை படியும். பை நிறையுமுன் பந்துகளை எடுத்துவிட்டால் பந்தோடு பந்து மோதுவதும் வலை இழுபடுவதும் குறையும்.

தட்பவெப்பமும் கணக்கில் கொள்ளத்தக்கது. திண்டுக்கல் சமவெளியின் வெப்பத்தில் தோல் உலர்ந்து வெடிக்கும். அதே மாவட்டத்தின் கொடைக்கானல் மலையில் மழைக்காலத்தில் பூஞ்சை படரும். ஒரே தோலுக்குச் சமவெளியில் எண்ணெயும், மலையில் காற்றோட்டமும் தேவைப்படுகின்றன.

தோலின் விலை

மேசையைக் காத்த தோலைச் செய்தவர்களின் உடலுக்குப் பாதுகாப்பு இருக்கவில்லை. தோல் ஷாப் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். சுண்ணாம்புக் குழியில் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் இறங்கி வேலை செய்ததால் அவர்களின் தோல் அரித்துப் புண்ணானது. திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வையும் அவர்கள் சங்கமாகத் திரண்ட வரலாற்றையும் டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலில் எழுதினார். அதற்கு 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோமியப் பதத்தை அறிமுகப்படுத்தினார். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக முடித்த தோலை ஊக்குவித்தது. குரோமியப் பதம் பரவியது. உப்பும் சுண்ணாம்பும் வேதிப்பொருளும் கலந்த கழிவுநீர் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிணறுகளைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்ற அத்தீர்ப்பு, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு கட்டாயமாயிற்று.

இன்றைய நிலை

தற்காலத்தில் பல மேசைகளின் பைகள் ரப்பராலும் நெகிழியாலும் செய்யப்படுகின்றன. அவை மலிவானவை, பூஞ்சை பிடிப்பதும் குறைவு. ஆயினும் ஸ்னூக்கர் போட்டி மேசைகளில் தோல் பொருத்திய பைகளும் நூல் வலைகளும் தொடர்கின்றன. கிழக்கிந்தியத் தோல் தமிழகத்தின் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்று. பழைய மேசையைச் செப்பனிடுவோர் கற்பலகையையும் சட்டத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, தேய்ந்த தோலையும் வலையையும் துணியையும் மட்டும் மாற்றுகின்றனர்.