ஆவியில் வெந்த வரலாறு: ஜொகூர் பாருவின் கொழுக்கட்டைக் கடைகள்

ஒரு நகரத்தின் வரலாற்றை அரண்மனைகளும் கல்வெட்டுகளும் மட்டுமே சொல்வதில்லை. அந்நகரத்து மக்கள் காலையில் எதை உண்டனர், எவரிடம் வாங்கி உண்டனர், எந்நாளில் எதனைத் தெய்வத்திற்குப் படைத்தனர் என்பனவும் வரலாறேயாகும். மாவைப் பிசைந்து, உள்ளே பூரணம் வைத்து மூடி, ஆவியில் வேகவைத்து உண்ணும் வழக்கம் ஆசியாவின் பல இனத்தாரிடமும் உண்டு. தமிழர் அதனைக் கொழுக்கட்டை என்றும் மோதகம் என்றும் வழங்குவர். சீனர் அதற்குப் பல பெயர்களும் பல வடிவங்களும் வைத்துள்ளனர். மலாய்க்காரர் வாழையிலையில் பொதிந்து ‘கூய்’ என்பர். இம்மூன்றும் ஒருங்கே கிடைக்கும் நகரங்களுள் ஒன்று, மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில் உள்ள ஜொகூர் பாரு. அந்நகரில் நல்ல கொழுக்கட்டைக் கடை எது எனத் தேடிச் செல்பவர், தம்மை அறியாமலேயே அந்நகரின் வரலாற்றுக்குள் நுழைகின்றார்.

பண்டத்தின் பழமை

பூரணம் வைத்த பண்டத்தைக் கடைத்தெருவில் விற்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் பாண்டியன் தலைநகரின் இரவுக் காட்சிகளை வரிசைப்படுத்துகின்றார். அவற்றுள் ஒன்று, பண்டம் செய்து விற்கும் கூவியர் இரவு முதிர்ந்த வேளையில் தம் பண்டங்களோடு உறங்கும் காட்சி. அப்பண்டங்களுள் உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகமும் ஒன்றாகும். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னரே நகரத்து அல்லங்காடியில் கொழுக்கட்டைக் கடை இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சீனர் மரபும் பழமை உடையதே. சிஞ்சியாங் பகுதியில் துர்பான் நகருக்கு அருகிலுள்ள அஸ்தானா கல்லறைகளில், தாங் அரசமரபின் (618–907) காலத்தைச் சேர்ந்த கொழுக்கட்டைகள் பாலைநில வறட்சியால் கெடாமல் கிடைத்துள்ளன. இலையில் பொதிந்து அவிக்கும் பசையரிசிப் பண்டத்தை, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆற்றில் மூழ்கி உயிர்துறந்த கவிஞர் சூ யுவானின் நினைவோடு இணைத்துப் பேசுவது சீனர் மரபு. கவிஞன் ஒருவனுக்காக ஆண்டுதோறும் ஓர் உணவு சமைக்கப்படுவது தமிழாசிரியர் உள்ளத்தைத் தொடும் செய்தியாகும்.

நகரின் பிறப்பு

1855ஆம் ஆண்டில் தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் தஞ்சோங் புத்ரி என்னும் கடலோரக் குடியிருப்பை நிறுவினார். அவர் மைந்தர் அபு பக்கார் 1866இல் அதற்கு ஜொகூர் பாரு எனப் பெயரிட்டார். காட்டை அழித்துப் பயிர் செய்ய ஆட்கள் வேண்டியிருந்தது. ஆற்றங்கரை நிலத்தைப் பயிரிடும் உரிமைக் கடிதங்கள் 1844 முதலே சீனத் தலைவர்களுக்கு வழங்கப்பெற்றன. அத்தலைவர் ‘காங்சூ’ எனப்பட்டார். அவர் கீழ் வந்த தொழிலாளர் மிளகும் காம்பிரும் பயிரிட்டனர். காம்பிர் என்பது தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்பட்ட சாற்றைத் தரும் செடியாகும். இம்முறை 1917இல் ஒழிக்கப்பட்டது.

இவ்வாறு வந்தவருள் தியோச்சு மொழியினரே மிகுதி. அதனால் ஜொகூர் பாருவைச் ‘சிறிய சுவாத்தோ’ என அழைக்கும் வழக்கமும் உண்டாயிற்று. சுவாத்தோ என்பது அம்மக்கள் கப்பலேறிய தென்சீனத் துறைமுகம். தியோச்சுத் தலைவரான டான் ஹியோக் நீ (1827–1902), அரண்மனை கட்டிய கண்டோனிய ஒப்பந்தக்காரர் வோங் ஆ ஃபூக் (1837–1918) ஆகிய இருவர் பெயர்களும் நகரின் இரு சாலைகளுக்கு இடப்பட்டுள்ளன. கொழுக்கட்டை தேடி வருபவர் பெரும்பாலும் முதலில் நடப்பதும் இவ்விரு சாலைகளிலேதான்.

ஐந்து தெய்வம், ஐந்து அடுப்பு

துருஸ் சாலையில் உள்ள பழைய சீனக் கோயிலில் ஐந்து தெய்வங்கள் வீற்றிருக்கின்றன. தியோச்சு, ஹொக்கியன், ஹக்கா, கண்டோனியர், ஹைனானியர் ஆகிய ஐந்து மொழிக் குழுவினரும் ஆளுக்கொரு தெய்வத்தைப் போற்றுகின்றனர். ஆண்டுதோறும் சீன முதல் மாதத்தில் நடைபெறும் சிங்காய் ஊர்வலத்தில் ஐந்து தெய்வங்களும் ஒன்றாக உலா வருகின்றன. வேறு ஊர்களில் தமக்குள் பூசலிட்ட குழுக்கள் இங்கே ஒரே கூரையின்கீழ் வழிபட்டன என்பது இந்நகரின் தனிச்சிறப்பாகும்.

தெய்வத்தில் காணும் இவ்வொற்றுமையும் வேற்றுமையும் அடுப்பிலும் உண்டு. தியோச்சு மக்களின் ‘சூன் குவே’ அரிசிமாவால் ஆன மெல்லிய தோலுக்குள் காய்களை நறுக்கி வைத்து அவிப்பது. தோலின் ஊடே பூரணம் நிழலாகத் தெரிய வேண்டும் என்பது அதன் இலக்கணம். ஹொக்கியன் மக்கள் மூங்கில் இலையில் பசையரிசியைப் பொதிந்து ‘சாங்’ அவிப்பதில் பெயர் பெற்றவர்கள். கண்டோனியர் தேநீரோடு சிறுகூடைகளில் பரிமாறும் ‘டிம்சம்’ வகைகளைத் தந்தனர். ஹக்கா மக்கள் சேப்பங்கிழங்கு மாவைச் சிறு வட்டுகளாக்கி, நடுவில் விரலால் அழுத்திக் குழியிட்டு வேகவைப்பர். மணிச்சட்டத்துக் காய்களைப் போன்ற உருவால் அதனை ‘மணிச்சட்டக் காய்’ என்றே வழங்குவர். ஹக்கா மக்கள் மிகுந்து வாழும் கூலாய் வட்டாரத்தில் இதனைத் தேடுவது தகும்.

ஹைனானியரின் ‘ஈ புவா’ தமிழரை வியப்பில் ஆழ்த்தக்கூடியது. பசையரிசி மாவுக்குள் தேங்காய்த் துருவலும் பனைச்சருக்கரையும் வைத்து, இலையில் இருத்தி ஆவியில் அவிப்பது அது. திருமணம், குழந்தையின் முதல் மாத விழா போன்ற மங்கல நாள்களில் ஹைனானியர் அதனை உறவினர்க்கு வழங்குவர். கடல் கடந்த இரு இனத்தார், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாமலேயே, ஒரே விடையை எழுதிவிட்டனர் எனலாம்.

சொல்லில் கலந்த சுவை

மலாய்க்காரரின் ‘கூய் கோச்சி’ இவ்வரிசையில் அடுத்து நிற்பது. பசையரிசி மாவு, தேங்காய்ப் பூரணம், பனைச்சருக்கரை, மேலே வாழையிலை என அதன் உறுப்புகளும் தமிழர்க்குப் பழக்கமானவையே. பூரணத்தை மலாய்க்காரர் ‘இந்தி’ என்பர். உட்பொருள் என்பது அச்சொல்லின் பொருள்.

இவற்றின் பெயர்களை ஆராய்ந்தால் மேலும் ஓர் உண்மை புலப்படும். ‘கூய்’ என்னும் மலாய்ச்சொல் தென்சீன மொழியிலிருந்து வந்தது. ‘பாவ்’ என்பதும் அவ்வாறே. கடையைக் குறிக்கும் ‘கெடாய்’ என்னும் மலாய்ச்சொல்லோ தமிழின் ‘கடை’ என்பதன் திரிபாகும். எனவே, ஜொகூர் பாருவில் சீனர் ஒருவர் ‘கெடாய்’ எனப் பலகை எழுதி ‘கூய்’ விற்கும்போது, மலாய் மொழியின் பெயரால் ஒரு தமிழ்ச்சொல்லும் ஒரு சீனச்சொல்லும் அங்கே கைகோத்து நிற்கின்றன. வணிகம் வளர்த்த இவ்வுறவை எந்த உடன்படிக்கையும் எழுதிவைக்கவில்லை.

தோபி சாலையும் இதற்கு ஒரு சான்று. சலவைத் தொழிலாளரால் பெயர்பெற்ற அச்சாலையில் 1937இல் சலாஹுதீன் ரொட்டிக்கடை தோன்றியது. உருளைக்கிழங்கு மசாலையை மாவில் மூடிச் செய்யும் ‘கறிபாப்’ அக்கடையின் புகழ்பெற்ற பண்டங்களுள் ஒன்று. ஆவி, எண்ணெய், அடுப்பு என வேகும் முறை மாறினாலும், மாவுக்குள் மறைத்த சுவை என்னும் கருத்து மாறவில்லை.

கடை காணாத கொழுக்கட்டை

இத்தனை பண்டங்களுக்கும் கடை உண்டு; பலவற்றுக்குத் தெருவும் உண்டு. தமிழரின் கொழுக்கட்டைக்கு அத்தகைய கடைத்தெரு ஏன் அமையவில்லை என்பதே வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

தமிழர் பெருந்தொகையாக ஜொகூருக்கு வந்தது ரப்பர்த் தோட்டங்களுக்கே. கங்காணி முறையில் ஆள்சேர்த்து அனுப்பும் வழக்கம் 1938இல் முடிவுற்றது. அதற்குள் தோட்டந்தோறும் லயங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் தோன்றிவிட்டன. 1909இல் முடிந்த ஜொகூர் இருப்புப்பாதையும், 1924இல் திறக்கப்பெற்ற ஜொகூர் நீரிணைப் பாலமும் நகரத்திற்கு மக்களைக் கொண்டுவந்தன. எனினும், தோட்டத் தமிழரின் வாழ்க்கை நகர்க்கடைகளை விட்டுத் தொலைவிலேயே நிகழ்ந்தது. சீனத் தொழிலாளருள் பலர் குடும்பமின்றித் தனி ஆளாக வந்தனர். சமைக்க வீட்டார் இல்லாதவர்க்குக் கடையே வீடாயிற்று. ஆதலின் அவர்தம் பண்டங்கள் தெருவுக்கு வந்தன. தோட்டத்துத் தமிழர் பலர் குடும்பமாக வாழ்ந்தமையால், அவர்தம் பண்டம் வீட்டு அடுப்பிலேயே தங்கிற்று.

மேலும், கொழுக்கட்டை நோன்போடு பிணைந்த உணவு. விநாயகர் சதுர்த்திக்கு அது படையல். தென்மாவட்டங்களிலிருந்து வந்தோர் போற்றிய ஔவை நோன்பில் பெண்கள் மட்டுமே கூடி, உப்பில்லாக் கொழுக்கட்டை செய்து, ஆடவர் கண்ணிற் படாமல் உண்டு முடிப்பர். யாழ்ப்பாணத் தமிழர் குழந்தைக்கு முதற்பல் முளைத்தபோது பல்லுக்கொழுக்கட்டை செய்து மகிழ்வர். அவர்களுள் பலர் மலாயாவின் இருப்புப்பாதை அலுவலகங்களில் பணிபுரிந்தவர்கள். விலைக்கு விற்கவும் கூடாத, பிறர் காணவும் கூடாத ஒரு பண்டம் கடைக்கு எங்ஙனம் வரும்? இடியாப்பம் ‘புட்டு மாயாம்’ என்றும், ஆப்பம் ‘அப்பாம்’ என்றும், தோசை ‘தோசாய்’ என்றும் மலாய் வழக்கில் கலந்து தெருவெங்கும் உலவுகின்றன. கொழுக்கட்டைக்கு அத்தகைய பரவல் வாய்க்கவில்லை.

1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாயிற்று. மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. தோட்டத் தமிழர் பலர் சயாம் மரண இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளவில்லை. அன்று அடுப்புகள் பல அணைந்தன. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நிலங்கள் செம்பனைக்கும், வீடமைப்புக்கும், தொழிற்சாலைகளுக்கும் மாறின. 1977இல் பாசிர் கூடாங் துறைமுகம் செயற்படத் தொடங்கியபின் மாற்றம் விரைவுற்றது. லயத்தில் ஒரே வாசலில் கூடிக் கொழுக்கட்டை பிடித்த பெண்கள் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பிரிந்து சென்றனர். நோன்பு எடுக்கப் பலர் கூட வேண்டும். கூட்டம் கலைந்தபோது நோன்பும் தளர்ந்தது.

நல்ல கடையை அறிதல்

இன்று நல்ல கடையைத் தேடுபவர் சில அடையாளங்களை நினைவிற் கொள்ளுதல் நன்று. விடியலில் திறந்து, அவித்தது தீர்ந்ததும் மூடும் கடை பெரும்பாலும் நல்ல கடை. பல பண்டம் விற்பதைவிட ஒன்றிரண்டை மட்டும் தலைமுறையாக விற்பது நல்ல கடை. தோல் மெல்லியதாக இருந்தும் கிழியாமலும், கையில் ஒட்டாமலும் இருத்தல் வேண்டும். ஆறியபின்னும் மா கல்லாகாமை கைத்திறனுக்குச் சான்று. பன்றியிறைச்சியும் அதன் கொழுப்பும் சீனப் பண்டங்கள் பலவற்றில் இடம்பெறும். ஆதலின் முசுலிம்களும் மரக்கறி உண்போரும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். சீனப் பௌத்தர் நடத்தும் மரக்கறிக் கடைகளும், கோழியிறைச்சியோ சிவப்பவரையோ வைத்த பாவ் வகைகளும் அவர்க்கு உதவும்.

தமிழ்க் கொழுக்கட்டையைத் தேடுவோர் உங்கு புவான் சாலைக்குச் செல்லலாம். அருள்மிகு இராஜமாரியம்மன் ஆலயத்தைச் சூழ்ந்த அப்பகுதியில் பூக்கடைகளும் உணவுக்கடைகளும் உள்ளன. ஆயினும் நாளறிந்து செல்லுதல் வேண்டும். சீனர் பண்டத்தைக் கடை பார்த்துத் தேடலாம். தமிழர் பண்டத்தைப் பஞ்சாங்கம் பார்த்தே தேட வேண்டும்.

எழுதாதது நில்லாது

கடையில் வாழும் பண்டத்திற்குப் பெயர்ப்பலகை சான்றாகும்; தொடங்கிய ஆண்டும் அதில் எழுதப்பட்டிருக்கும். வீட்டில் வாழும் பண்டத்திற்குச் செய்யும் கையே சான்று. அக்கை ஓய்ந்தால் சான்றும் மறையும். மதுரைக் கூவியரின் மோதகம் இன்றும் அறியப்படுவது, அதனைச் சுவைத்தவர் பலர் என்பதால் அன்று. புலவர் ஒருவர் அதனைப் பாட்டில் எழுதிவைத்தார் என்பதால்.

ஆதலின், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு இங்கே ஒரு கடமை உண்டு. மாணவரைத் தத்தம் பாட்டிமாரிடம் அனுப்பி, எத்தோட்டத்தில் வாழ்ந்தனர், எந்நோன்புக்கு எக்கொழுக்கட்டை பிடித்தனர், மாவை எங்ஙனம் வறுத்தனர், அதற்கு என்ன பெயர் வைத்தனர் எனக் கேட்டு எழுதச் செய்தல் வேண்டும். கட்டுரைப் பயிற்சியாகத் தொடங்கும் அப்பணி, ஜொகூர்த் தமிழர் வரலாற்றின் ஒரு தொகுதியாக முடியும். ஆவி அடங்குமுன் மூடியைத் திறப்பவர்க்கே மணம் கிட்டும்.