பணி வரம்பு

எங்கம்மாவிடம் ஆஸ்பத்திரி கொடுத்த காகிதங்கள் மூன்று இருக்கின்றன. வேலைக்கு எடுத்த உத்தரவு, ஓய்வு பெற்ற உத்தரவு, இடையில் ஒரு மெமோ. மெமோ வந்தது 1986-இல். நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதனால் நான்தான் வாசித்துக் காட்டினேன். 'துப்புரவுப் பணியாளராகிய தாங்கள் தங்கள் பணி வரம்பை மீறி' என்று ஆரம்பித்தது. அம்மா குறுக்கே கேட்டது: "ஏன்டா, வரம்புன்னா கழனி வரப்பா?"

நடந்தது இதுதான். பிரசவ வார்டில் ராத்திரி டூட்டி. எட்டாம் பெட்டில் தலைப்பிரசவமான பெண். "துணி மாத்தி அரை மணி ஆகல, மறுபடியும் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. கை சில்லுன்னு ஆயிடுச்சு. பேசிக்கிட்டே இருக்கறப்ப கண்ணு செருகுது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று அம்மா சொல்லும். நர்சிடம் போய்ச் சொன்னது. "ஆயா, உன் வேலையப் பாரு. மூணாம் பெட்டுல வாந்தி, போய்த் தொடை" என்று பதில். வாந்தியைத் தொடைத்துவிட்டு வந்து பார்த்தது, மறுபடி சொன்னது. அதே பதில். மூன்றாம் தடவை நர்சிடம் போகவில்லை. மாடியேறிப் போய் டூட்டி டாக்டர் அறைக் கதவைத் தட்டியது. டாக்டர் வந்தார். அந்தப் பெண் பிழைத்தாள். இரண்டு நாள் கழித்து, கதவைத் தட்டியதற்கு மெமோ.

அந்த நர்சைக் கெட்டவள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அன்று ராத்திரி முழு வார்டுக்கும் அந்தம்மா ஒருத்திதான். என் கேள்வி வேறு. நனைந்த துணியைத் தொட்டவள் எங்கம்மா. ரத்தம் எவ்வளவு, எவ்வளவு வேகம் என்று அந்தக் கட்டடத்திலேயே தெரிந்தவள் அவள் ஒருத்தி. அவளுக்குத் தெரிந்தது கேஸ் ஷீட்டுக்குப் போய்ச் சேர ஏன் வழியே இல்லை? ஆஸ்பத்திரி ஆயாவின் கூலியைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம், இழிவைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அவளுடைய அறிவைப் பற்றிப் பேசினோமா?

*

எங்க பாட்டி ஊரில் பிள்ளைப்பேறு பார்த்தவள். சேரியில் மட்டுமில்லை, ஊர்த்தெருவிலும். ராத்திரி வந்து எழுப்புவார்கள், பின்வாசல் வழியாகக் கூட்டிப் போவார்கள். பிள்ளை வெளியே வரும்வரை அவள் சொன்னதுதான் சட்டம். கொடி அறுத்து, ரத்தத்துணி அலசி, நஞ்சு புதைத்து முடித்த பிறகு அவள் மறுபடியும் பறச்சி. அவள் உட்கார்ந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகுவார்கள். கூலி ஒரு மரக்கால் நெல்லும் பழைய சீலையும். அவள் கையில்லாமல் பிள்ளை பிறக்காது, ஆனால் பிறந்த பிள்ளையைத் தொட அவளுக்கு உரிமை கிடையாது.

இந்த ஏற்பாடு ஆஸ்பத்திரி வந்ததும் மாறியிருக்க வேண்டும். சென்னையில் பிரசவத்துக்கென்று தனி ஆஸ்பத்திரி 1844-இல் தொடங்கியது. இன்றைக்கு எழும்பூரில் இருப்பது அதுதான். 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. படித்துத் தேறியவர்களின் பெயர் பதிவேட்டில் ஏறியது. நல்ல காரியம்தான். பதிவேட்டில் பெயர் இருந்தால் அவள் ஒரு தொழில் தெரிந்தவள், அவள் சொல்லுக்கு எடை உண்டு. ஆனால் பதிவேடு என்று ஒன்று வந்ததும் அதற்கு வெளியே இருப்பவள் தொழில் தெரியாதவள் ஆகிவிட்டாள். பாட்டியின் கையில் இருந்த வித்தை அம்மா காலத்தில் 'துப்புரவு' என்று பெயர் மாறியது.

1946-இல் வெளிவந்த போர் குழு அறிக்கை பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த நர்சுகள் ஏறத்தாழ 7,000 என்று கணக்குச் சொல்கிறது. 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். அப்படியானால் அத்தனை வார்டுகளிலும் நோயாளியைத் தூக்கி உட்கார வைத்தது யார்? பெட்பேன் வைத்தது யார்? புண் துணி மாற்றியது யார்? செத்தவர் வாயைக் கட்டியது யார்? குடும்பத்தார் கொஞ்சம் செய்திருப்பார்கள். மீதியைச் செய்தவர்கள் தோட்டி, தோட்டிச்சி, ஆயா, வார்டு பாய் என்று கூப்பிடப்பட்டவர்கள். அந்தக் கணக்கில் அவர்கள் இல்லை.

நர்ஸ் வேலையே தீட்டு என்று மேல்சாதியார் ஒதுக்கிய காலம் உண்டு. கிறிஸ்தவப் பெண்களும் விதவைகளும் வேறு போக்கிடம் இல்லாதவர்களும்தான் முதலில் அந்த வேலைக்கு வந்தார்கள். நம் குடும்பங்களிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அவர்கள் போராடித்தான் 'சிஸ்டர்' என்ற மரியாதையை வாங்கினார்கள். ஆனால் அந்த மரியாதை வந்தபோது பெட்பேன் கீழே ஒரு படி இறங்கி ஆயாவின் கைக்கு வந்தது. தீட்டு ஒழியவில்லை, ஆள்தான் மாறியது. இதை நம்மவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

*

சாதி இல்லாத ஊரில் இது எப்படி இருக்கும் என்று ஒருகாலத்தில் யோசித்ததுண்டு. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே அவர் போனது 1,300 கறுப்புத் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்காக. இது நமக்குத் தெரியும். அவர் செத்த பிறகு அந்த இயக்கம் எங்கே போனது என்று தேடியபோதுதான் சார்ல்ஸ்டன் எனக்குக் கிடைத்தது.

தென் கரோலினா மாநிலத்தில் இருக்கும் துறைமுக நகரம் சார்ல்ஸ்டன். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகளைக் கப்பலிலிருந்து இறக்கி விற்ற ஊர். அங்கே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் செவிலிய உதவியாளர், வார்டு ஆள், சமையல்கட்டு, துப்புரவு எல்லாம் கறுப்பர்கள், பெரும்பாலும் பெண்கள். இழிவான பெயர் வைத்துத்தான் தங்களைக் கூப்பிட்டார்கள் என்று அந்தப் பெண்களே பின்னாளில் சொன்னார்கள்.

1967 கடைசியில் ஒரு நாள், வெள்ளைக்கார நர்ஸ் ஒருவர் நோயாளிகளைப் பற்றிய விவரங்களைக் கறுப்பு உதவியாளர்களுக்குத் தர மறுத்தார். யாருக்கு என்ன நோய், என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது, எதுவும் தெரியாமல் நோயாளியைத் தொட வேண்டும். ஐந்து பேர் 'இப்படி வேலை செய்ய முடியாது' என்று வெளியேறினார்கள். ஐந்து பேருக்கும் வேலை போனது. போராடித் திரும்பப் பெற்றார்கள். அதிலிருந்துதான் வாராவாரம் கூட்டம், பிறகு சங்கம் என்று வளர்ந்தது. ஒரு பெரிய போராட்டத்தின் முதல் பொறி கூலியில் பிறக்கவில்லை. நோயாளியைப் பற்றி எங்களுக்கும் சொல்லு என்று கேட்டதில் பிறந்தது.

சங்கத்துக்குத் தலைமை ஏற்றவர் மேரி மூல்ட்ரி. நியூயார்க்கில் கோல்டுவாட்டர் நினைவு ஆஸ்பத்திரியில் உரிமம் பெற்ற நர்சாக வேலை பார்த்தவர். சொந்த ஊர் திரும்பியபோது அந்த உரிமத்தைச் சார்ல்ஸ்டன் ஆஸ்பத்திரி ஏற்றுக்கொள்ளவில்லை. உதவியாளராகத்தான் எடுத்தது. அதே கை, அதே படிப்பு, ஊர் மாறியதும் பேர் கீழே இறங்கியது.

கூலி மணிக்கு 1.30 டாலர். மற்றத் தொழில்களில் நாடு முழுக்கக் குறைந்தபட்சக் கூலி அப்போது 1.60. இந்த வித்தியாசம் சட்டத்திலேயே இருந்தது. 1938-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் ஆஸ்பத்திரித் தொழிலாளர்களைச் சேர்த்ததே 1966 திருத்தத்தில்தான். சேர்க்கும்போதும் ஏணியின் கீழ்ப்படியில் நிற்க வைத்தார்கள்.

1969 மார்ச் 17 அன்று மேரி மூல்ட்ரி உட்பட 12 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மார்ச் 20 முதல் 400-க்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தம். பிறகு மாவட்ட ஆஸ்பத்திரித் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். ஆரம்பப் பள்ளிப் படிப்புகூட இல்லாதவர்களிடம் இரண்டரைக் கோடி டாலர் ஆஸ்பத்திரியை ஒப்படைக்க மாட்டேன் என்று கல்லூரித் தலைவர் சொன்னார். அவர்கள் கட்டடத்தைக் கேட்கவில்லை. பேச ஒரு இடம் கேட்டார்கள். தேசியக் காவல் படை வந்தது, ஊரடங்கு வந்தது, ஏறத்தாழ ஆயிரம் பேர் கைதானார்கள். கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் வந்து பேசினார். மே 11, அன்னையர் தினத்தன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள்.

நூறு நாள் ஆனபோது, ஜூன் 27-இல் ஒப்பந்தம். இனப்பாகுபாடு காட்டினால் மத்திய அரசின் பணம் நிற்கும் என்ற மிரட்டலும் அதற்கு ஒரு காரணம். நீக்கப்பட்ட 12 பேருக்கும் வேலை கிடைத்தது. கூலி 1.60 ஆனது. குறை சொல்ல ஒரு முறை வந்தது. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. சங்கத்தை அங்கீகரிக்க ஆஸ்பத்திரி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. சில வருஷத்தில் அந்தச் சங்கம் தேய்ந்துபோனது. காசு தருவார்கள், வேலை தருவார்கள், 'நீ எனக்கு எதிரே உட்கார்ந்து பேசத் தகுந்தவள்' என்று மட்டும் எழுதித் தர மாட்டார்கள். மேரி மூல்ட்ரி 2015-இல் இறந்தார்.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941 முதல், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஆஸ்பத்திரிகளுக்குத் தொண்டர்களாகச் செவிலிய உதவியாளர்களைத் திரட்டியது. 80 மணி நேரப் பயிற்சி, சீருடை, தொப்பி. சம்பளம் கிடையாது, அதனால் சோற்றுக்குக் கவலையில்லாத பெண்கள்தான் போக முடியும். அவர்களும் பெட்பேன்தான் எடுத்தார்கள். அதற்கு நாட்டுத்தொண்டு என்று பெயர். அதே வேலையைக் கூலிக்குச் செய்த கறுப்புப் பெண்ணுக்குப் பெயர் படிக்காதவள். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் கூலிக்கு வேலை செய்யும் உதவியாளர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் பதிவேடும் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொன்னது 1987-இல். எத்தனை மணி நேரம்? குறைந்தது 75. மலத்தை அள்ளுவதால் வேலை இழிவாவதில்லை. அள்ளுவது யார் என்று பார்த்துத்தான் இழிவு என்று முடிவு செய்கிறார்கள். இதை நமக்கு அமெரிக்கா வந்து சொல்லித் தரணுமா என்ன?

*

இதைப் படிக்கிற தோழர்கள் ஒன்று கேட்பீர்கள். 'ஆயா காசு கேக்குறாளே, ஆம்பளப் புள்ளைக்கு ஒரு ரேட்டு, பொம்பளப் புள்ளைக்கு ஒரு ரேட்டு!' உண்மைதான். எங்கம்மாவும் வாங்கியிருக்கிறது. அந்தக் காசில்தான் நான் நோட்டு வாங்கினேன். கொடுத்தவர்களும் நம்மைப் போன்ற ஏழைகள்தான், அதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டிக்குக் கிடைத்த மரக்கால் நெல்லும் இதுவும் ஒரே வகைதான். தொழிலுக்குரிய கூலியும் பேரும் இல்லாதவளுக்கு, மனசு வைத்துக் கொடுப்பதோ பிடுங்கி வாங்குவதோதான் மிச்சம். மெமோவை ஆயாவுக்குக் கொடுப்பது சுலபம். அவளை இனாமில் வாழ வைத்த ஏற்பாட்டுக்கு யார் மெமோ கொடுப்பது?

இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். எங்கம்மா நிரந்தரப் பணியில் இருந்தது, பென்ஷன் வாங்குகிறது. இப்போது பல ஆஸ்பத்திரிகளில் இந்த வேலை ஒப்பந்தக் கம்பெனிகளின் கையில். 'பல்நோக்குப் பணியாளர்' என்று பேர் மட்டும் நீளமாகியிருக்கிறது. மெமோ கொடுக்கக்கூட வேண்டாம், நாளைக்கு வராதே என்றால் போதும். அப்படிப்பட்டவள் எந்த டாக்டர் கதவைத் தட்டுவாள்? எட்டாம் பெட்டில் ரத்தம் நிற்கவில்லை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டுதானே இருப்பாள்? அவளுக்கு மரியாதை இல்லாததன் விலையைப் படுக்கையில் கிடப்பவர்கள் கொடுக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பதும் நம்ம சனம்தான்.

அதனால் மகளிர் தினத்தில் ஆயாக்களுக்குப் பொன்னாடை போர்த்துவதை நிறுத்துங்கள். கேட்க வேண்டியவை வேறு. ஏற்கெனவே தெரிந்த வேலைக்குப் பயிற்சியும் சான்றிதழும் பதிவேட்டில் பேரும். துப்புரவு வேலையும் நோயாளியைத் தொடும் வேலையும் தனித்தனி ஆள். ஒப்பந்தம் ஒழிந்து நிரந்தர வேலை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: டூட்டி மாறும்போது நர்சுகள் நின்று ஒவ்வொரு பெட்டாகச் சொல்லிக்கொள்கிறார்களே, அந்த இடத்தில் ஆயாவும் நிற்கணும். அவளுக்கும் சொல்லணும், அவளிடமும் கேட்கணும்.

போன மாசம் அம்மாவுக்குச் சார்ல்ஸ்டன் கதையைச் சொன்னேன். எண்பது வயசு, காது கொஞ்சம் மந்தம். பட்டாளம் வந்ததையும் ஆயிரம் பேர் ஜெயிலுக்குப் போனதையும் கத்திக் கத்திச் சொன்னேன். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அம்மா ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்டது.

"அவங்களுக்கும் ஒண்ணுமே சொல்ல மாட்டாங்களாமா?"

"ஆமாம்மா" என்றேன்.

"அப்புறம் எப்படிடா பாக்குறது நோயாளிய?" என்றது.