புழக்கடைப் படிப்பு

1822 ஜூன் மாதம் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ ஒரு கணக்குக் கேட்டார். எந்தெந்த ஊரில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது, யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்று எல்லா மாவட்டக் கலெக்டர்களும் எழுதியனுப்ப வேண்டும். வந்த பதில்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு.

அந்தக் குறிப்பில் என்னை நிறுத்தியது வேறொரு எண். சென்னை நகரத்தில் பள்ளிக்குப் போனவர்கள் 5,523 பேர், வீட்டிலேயே படித்தவர்கள் 26,963 பேர். மன்றோவே இந்த எண்ணைப் பார்த்துத் திகைத்து, எங்கோ பிழை இருக்கலாம் என்று எழுதினார். ஆனாலும் உறவினர்களிடமோ தனி வாத்தியாரிடமோ பிள்ளைகள் வீட்டில் படிப்பது மாகாணம் முழுக்க இருக்கும் வழக்கம்தான் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். பெரும்பாலான மாவட்டங்களில் அதை யாரும் எண்ணவில்லை. ஆய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் திரட்டி 1983இல் நூலாக வெளியிட்ட பிறகுதான் இவை பொதுப் பேச்சுக்கு வந்தன. அன்றிலிருந்து, வீட்டுக் கல்வியை விரும்புகிறவர்கள் அந்த 26,963ஐப் பெருமையோடு சொல்கிறார்கள்.

அந்தப் பெருமையில் எனக்குப் பங்கு உண்டா என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஏடும் எழுத்தாணியும் இருந்த வீடுகளில்தான் எழுத்தை வீட்டில் கற்க முடிந்தது. பரமத்தி வேலூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் இருந்த என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் அங்கேயும் படிப்பு நடந்தது. அம்மா சொல்லிச் சொல்லியும், பின்னாளில் நானே பார்த்தும் அதைத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் முக்கால் பங்கு வெயிலும் கால் பங்கு வேப்பமர நிழலுமாக ஒரு புழக்கடை. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் போகிற வாய்க்காலின் ஓரத்தில் கத்தரி, மிளகாய், ஒரு முருங்கை. ஆடியில் முதல் மழை மண்ணை நனைத்ததும் அவரையும் பீர்க்கும் ஊன்றுவார்கள். தை மாதம் அவரை கொடி கொள்ளாமல் காய்க்கும். விதைக்கென்று விடும் காய் முதல் காயாகவும் இருக்காது, கடைசிக் காயாகவும் இருக்காது. நடுப்பறிப்பில் நல்ல கொடியாகப் பார்த்து ஒரு துணியைக் கட்டிவிட்டால் வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். பூசணி, சுரை விதைகளைச் சாணியில் பதித்து வறட்டியாகச் சுவரில் அறைந்து காயவிடுவார்கள். அவரை விதைக்குச் சாம்பல் புரட்டல். இதெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும், ஏனென்றால் சாணி பிசைந்து கொடுத்தது அந்தப் பிள்ளைதான்.

கோழி இன்னும் நுட்பமான பாடம். நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். பிறகு அடைக்கு உட்காரும். உட்கார்ந்த கோழியின் கீழ் எல்லா முட்டையையும் வைத்துவிடக் கூடாது. பழைய முட்டையையும், ஓடு சொரசொரப்பாகக் கோணலாக இருப்பதையும் குழம்புக்கு ஒதுக்க வேண்டும். மூங்கில் கூடையில் மணலோ தவிடோ பரப்பி, அதன் மேல் வைக்கோலைச் சுருட்டி, நடுவில் குழிவாக அழுத்தி முட்டையை அடுக்குவார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இடிச் சத்தத்தில் கரு கலங்காமல் இருக்க ஓர் இரும்புத்துண்டு, ஓர் அடுப்புக்கரி, ஒரு காய்ந்த மிளகாய். ஏழெட்டு நாள் போனதும் இருட்டறையில் விளக்குக்கு முன்னால் முட்டையைப் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்பு ஓடும், ஓடாதது கூமுட்டை. இருபத்தொன்றாம் நாள் குஞ்சு ஓட்டைக் கொத்தும். இரும்பும் கரியும் உண்மையில் எதையும் காத்தனவா என்பது வேறு விஷயம். விளக்குக்கு முன்னால் முட்டையைப் பிடித்துப் பார்த்து முடிவெடுப்பது சோதனைதான். அம்மா அதை எட்டு வயதுக்குள் தனியாகவே செய்தாள்.

முட்டைக்காசு பெண்களுடையது. சந்தையில் விற்ற பணம் அம்மாயியின் சுருக்குப்பைக்குப் போய்ச் சிறுவாடாகச் சேரும். தாத்தா அதைக் கேட்கமாட்டார். கோழி இல்லாத வீட்டுக்குப் பெட்டைக்கோழியை வாரத்துக்கு விடுவார்கள்: வளர்க்கிறவளுக்குப் பாதிக் குஞ்சு, கொடுத்தவளுக்குப் பாதி. பருந்து தூக்கியதும் கீரி கடித்ததும் போக மீதியைப் பங்கு பிரிக்கும்போது ஒற்றைக் குஞ்சு யாருக்கு என்ற வழக்கும் வரும். கணக்கு, ஒப்பந்தம், நியாயம் எல்லாம் ஒரு பஞ்சாரத்தைச் சுற்றியே நடந்தன.

கோழியோடு நமக்குள்ள உறவு பழையது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையில் செத்த ஒரு சேவலுக்கு ஊரார் எடுத்த நடுகல் நிற்கிறது. சேவல் உருவமும் வட்டெழுத்து வரிகளும் கொண்ட அந்தக் கல்லுக்குச் சுமார் ஆயிரத்து ஐந்நூறு வயது. சேவலுக்குக் கல் எடுத்துப் பேரெழுதிய ஊர்கள் உள்ள நாட்டில், கோழி வளர்த்த பெண்களின் அறிவைப் பற்றி ஒரு வரி கூட எங்கும் பொறிக்கப்படவில்லை.

எழுத்து இருந்த இடம் திண்ணை. எங்கள் ஊரிலும் கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் பள்ளிக்கூடம் நடந்ததாகச் சொல்வார்கள். மணலில் விரலால் அரிச்சுவடி, பிறகு ஓலை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி. அதற்கும் மேல் எண்சுவடி: காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. நெல் அளக்கவும், குழிக்கணக்குப் போடவும், கூலி பிரிக்கவும் வேண்டிய கணக்கு அத்தனையும் வாய்ப்பாடாக மனத்தில் ஏறும். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் பிள்ளை ஒவ்வொருவனுக்கும் வாத்தியார் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார், மறுநாள் மறக்காமல் வந்து ஒப்பிக்க வேண்டும் என்று உ.வே.சாமிநாதையர் தம் பள்ளி நினைவுகளில் எழுதியிருக்கிறார். வாத்தியாருக்குச் சம்பளம் பெரும்பாலும் தானியமும் காய்கறியும். புழக்கடைதான் அவரைப் போஷித்தது. எழும்பூர் ஆண் அநாதை விடுதியில் 1789 முதல் பொறுப்பேற்றிருந்த ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் முறையையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் கண்டெடுத்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் நம் திண்ணை முறையில் படித்தார்கள்.

அந்தத் திண்ணையில் ஏற முடியாதவர்கள் பலர். அம்மாயியின் பாட்டி தலைமுறைப் பெண்கள் ஏறவில்லை. சேரிப் பிள்ளைகளை யாரும் ஏறவிடவில்லை. மன்றோவுக்கு 1823இல் பெல்லாரியிலிருந்து எழுதிய கலெக்டர் கேம்ப்பெல் இன்னொரு காரணத்தையும் கண்டார். மிகச் சிறிய வேலையாவது செய்யும் அளவுக்குக் கைகால் தேறியதும் பிள்ளையின் உழைப்பு பெற்றோருக்குத் தேவைப்படுகிறது, அதனால் பள்ளியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள் என்று எழுதினார். அந்த அறிக்கையிலேயே எனக்கு மிக நெருக்கமான இடம் அதுதான். தோட்டமும் கோழியும் ஆடும் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கும், அதோடு பிள்ளையைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும்.

1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரப் பார்த்தது. ராட்டையும் தோட்டமும் பாடமாக, அவற்றின் வழியே கணக்கும் மொழியும். பிள்ளை பள்ளியில்தான் இருக்கும், தொழில் அங்கே வரும். எனக்கு அது நேர்மையான யோசனை என்றே தோன்றுகிறது.

1953இல் முதல்வர் ராஜாஜி அதைத் திருப்பிப் போட்டார். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பை மூன்று மணி நேரமாகக் குறைத்து, பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணி படிக்கும்போது மற்றது வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார். பெண் பிள்ளைகள் அம்மாவிடம் வீட்டு வேலை கற்பார்கள். வாத்தியாரும் கட்டடமும் போதவில்லை, பாதிப் பிள்ளைகள் படிப்பை நடுவில் விடுகிறார்கள், கையால் செய்யும் வேலையின் மதிப்புத் தெரியாமல் வளர்கிறார்கள் என்பவை அவர் தரப்பு. அவர் மனதார நம்பித்தான் பேசினார். ஆனால் திட்டம் நகரத்துப் பள்ளிகளுக்கு இல்லை, கிராமத்துக்கு மட்டும். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் இதைக் குலக்கல்வி என்று சொல்லித் தெருவில் இறங்கினார்கள். காங்கிரசுக்குள்ளேயே பிளவு வந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகி காமராஜர் முதல்வரானார். மே மாதம் கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

அந்த ஓராண்டு என் அம்மா மூன்றாம் வகுப்பில் இருந்தாள். காலை அணி. மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அவள் குரல் மாறிவிடும். "கோழி அடை வெக்கறதுக்கு எனக்கு எதுக்குடி அரசாங்கம் லீவு உடோணும்? அது எனக்குப் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாலயே தெரியுமே" என்பாள். விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் புழக்கடை அவளுக்குச் சொல்லித் தந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு யாரும் நேரம் ஒதுக்கித் தரத் தேவையில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டையும் தேசப்படத்தையும்தான் வீட்டில் யாராலும் தர முடியவில்லை. அவளிடம் ஏற்கெனவே இருந்ததைக் கொடுப்பதாகச் சொல்லி, வேறு எங்கும் கிடைக்காததில் பாதியை எடுத்துக்கொண்டது அந்தத் திட்டம். அந்த மத்தியானங்களில் அவள் தொழில் ஒன்றும் புதிதாகக் கற்கவில்லை. ஆடு மேய்த்தாள், பருத்தி எடுத்தாள், தம்பியைத் தூக்கிச் சுமந்தாள். கரூரில் படித்துக்கொண்டிருந்த அவள் வயதுச் சொந்தக்காரப் பையனுக்கு முழு நாளும் வகுப்பு நடந்தது.

பிறகு நல்ல காலம் வந்தது. காமராஜர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். ஆரம்பத்தில் அதை ஊரார் கொடையில்தான் நடத்தினார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் வீட்டுக்கு வீடு கம்பும் சோளமும் பூசணிக்காயும் போயின. அம்மாயி சுவரில் அறைந்து வைத்த விதையின் காய் பள்ளிக்கூடத்துச் சாம்பாரில் வெந்தது. சோறு கிடைக்கிறது என்றதும் தாத்தா அம்மாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் பேச்சை விட்டார். அவள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தாள். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவைத் தொடங்கியபோது அமைப்பாளர் வேலை அவளுக்குக் கிடைத்தது.

1989இல் சத்துணவில் முட்டை வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998இல் வாரம் ஒன்று. 2010இல் வாரம் ஐந்து. அந்த முட்டை எங்கள் பக்கத்தில்தான் விளைகிறது. 1970களிலிருந்து நாமக்கல் காட்டில் கோழிப்பண்ணைகள் பெருகி, மானாவாரியில் காய்ந்த குடும்பங்கள் பல அதில் தலையெடுத்தன. பண்ணைக் கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும். நாட்டுக்கோழி அறுபது, எண்பது. இந்தப் போட்டியில் புழக்கடைக் கோழி நிற்கவில்லை. கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே இரவில் கூடு காலியாகிவிடும். பண்ணைக்குப் போகும் தடுப்பூசி எல்லாப் புழக்கடைக்கும் வந்து சேராது. பெண்களின் சிறுவாடும் அத்தோடு போனது. ஆனால், முட்டையை விற்றுக் காசாக்குவதே தவிரப் பிள்ளைக்குக் கொடுக்காத ஊரில், காசில்லாத வீட்டுப் பிள்ளை தட்டில் முட்டை விழுந்தது இந்தப் பண்ணைகளால்தான். இழப்பைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

இப்போது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி நிலம் வாங்கித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். கோழியும் வளர்க்கிறார்கள். எனக்கு அவர்களைப் பிடித்திருக்கிறது. அம்மாயியின் படிப்பைத் தேடி, புத்தகங்களோடும் இங்கிலீஷோடும் வந்திருக்கிறார்கள். மன்றோவின் குறிப்பில் வரும் அந்த 26,963 பேரின் வீடுகளைப் போன்ற வீடு அது. அந்தப் பெண் அடை வைக்கக் கற்றுக்கொள்ள அம்மாவிடம் வந்தாள். அம்மா கூடையை வரவழைத்து, மணல் பரப்பி, மிளகாய் வரை எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகளிடம் முட்டையைக் கொடுத்து டார்ச் வெளிச்சத்தில் நரம்பு பார்க்கச் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு, "பசங்க பத்தாவது பரிச்சைய எங்க கண்ணு எழுதுவாங்க?" என்று கேட்டாள்.

திறந்தநிலைப் பள்ளியில் எழுதலாம்மா, அதற்கு மையம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண்.

மையம் எந்த ஊரில், பணம் எவ்வளவு கட்ட வேண்டும், தேர்ச்சி பெற்றால் கல்லூரியில் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொள்வார்களா என்று அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். பதிலை என்னிடம் சொல்லி ஒரு தாளில் எழுதி வைக்கச் சொன்னாள். அவர்கள் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருத்தியின் மகள் எட்டாவதோடு நின்றுவிட்டாள், அவளுக்காகத்தான் கேட்டாளாம்.